சிற்றில் கட்ட ஓரிடம்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் முன்னோர் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர் என்பதை நம் இளைஞர் பாடசாலையிற் கற்றிருப்பர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பன அமைந்தன. பத்திலே மூன்றை விளையாட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த புலவர்கள், விளையாட்டைக் குழந்தையின் வீண் பொழுதாகக் கருதவில்லை. வளர்ச்சியின் ஒரு படியாகவே கண்டனர்.

இவ்விளையாட்டுகளுக்கு வேண்டிய பொருள்கள் யாவை? சிற்றில் கட்ட மணல் வேண்டும். சிறுதேர் உருட்டத் தெரு வேண்டும். ஊசலாட ஒரு மரம் வேண்டும். பெரும் பணம் எதற்கும் வேண்டியதில்லை. ஆனால் இடம் வேண்டும். அவ்விடத்தில் அஞ்சாது நிற்கும் உரிமையும் வேண்டும்.

நம் ஊர்களில் அவ்விடம் ஒருவரும் கேளாமலே கிடைத்திருந்தது. கோயில் வெளிவீதி, அறுவடை முடிந்த வயல், பனங்காணி, குளக்கட்டு, ஒழுங்கை என்பனவெல்லாம் மாலை வேளையிற் சிறுவருடையனவாயின. கிளித்தட்டும் கிட்டியும் அங்கேயே ஆடப்பட்டன. பெண்பிள்ளைகள் திண்ணையிலும் முற்றத்திலும் கொக்கான் வெட்டினர். சித்திரை வருடப்பிறப்பு வந்தால் மரங்கள்தோறும் ஊஞ்சல் தொங்கும். ஒரு பக்கம் போர்த்தேங்காய் அடிப்பர். முதியோர் இவற்றைச் சொல்லும்போது முகம் மலர்கின்றது.

இன்று அவ்விடங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிவிட்டன. வேலி இருந்த வளவுகளுக்கு மதில் எழுந்தது. காணி துண்டு துண்டாகப் பிரிந்து வீடாயிற்று. ஒழுங்கைகள் செப்பனிடப்பட்டு, மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் விரையும் வீதிகளாயின. போர்க்காலத்தில் மிதிவெடிக்கு அஞ்சி, சொந்தக் காணியிலேயே பிள்ளைகளைக் கால்வைக்க விடாத ஆண்டுகளும் நமக்கு உண்டு. போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் பிள்ளைகளின் மாலைப்பொழுது தனியார் வகுப்புகளுக்குச் சென்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையைக் கண்டு, 'நீ எங்கே விளையாடுகின்றாய்?' என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

இழந்த இடத்தை ஒரு சமூகம் மீளப் பெறுதல் இயலுமா? இயலும் என்பதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. அச்சான்று நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலேயே அது நிகழ்ந்தது. அவர்கள் நமக்குக் கோட்டையை விட்டுச் சென்றனர். 'கந்தோர்' என்னும் சொல்லையும் விட்டுச் சென்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் குழந்தைகளுக்கு முற்றம் தேடிய வரலாற்றையே இங்குக் கூற முற்படுகின்றோம்.

மணலும் பழம்பலகையும்

நகரங்கள் பெருத்தபொழுது சிறுவர் இடமிழந்தது ஒல்லாந்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆலைகள் எழுந்த ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் எல்லாவற்றிலும் அது நேர்ந்தது. ஜேர்மனியின் பேர்லின் நகரப் பூங்காக்களிற் குழந்தைகள் விளையாட மணல் கொட்டப்பட்டிருந்ததைக் கண்ட ஒரு பெண் மருத்துவர், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தார்க்கு அதனை எழுதி அறிவித்தார். 1885 இல் அந்நகரத்தின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியிலே, ஒரு சிற்றாலயத்தின் முற்றத்தில் மணல் குவிக்கப்பட்டது. அமெரிக்க நாட்டின் பொது விளையாட்டிடங்களின் வரலாற்றை அந்த மணற்குவியலிலிருந்தே தொடங்குவர். நம் புலவர்கள் பாடிய சிற்றிலுக்கு வேண்டிய பொருளும் அதுவே அன்றோ!

அடுத்த படி டென்மார்க்கில் நிகழ்ந்தது. சொரன்சன் என்னும் தோட்டக் கலைஞர் பல விளையாட்டிடங்களை அழகுற அமைத்துக் கொடுத்தவர். ஆயினும் சிறுவர் அவற்றை விட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு ஓடி, அங்குக் கிடந்த பலகையையும் செங்கல்லையும் கொண்டு விளையாடுவதை அவர் கண்டார். தம் அழகிய வேலை சிறுவர்க்கு உவப்பானதன்று என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவு அவரிடம் இருந்தது. கழிபொருள்களைக் கொண்டு சிறுவரே கட்டியும் இடித்தும் விளையாடும் இடம் வேண்டுமென 1931 இல் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1943 இல், கொப்பன்கேகன் நகரத்தின் எம்ட்றுப் குடியிருப்பில் அது நிறைவேறியது. அப்பொழுது டென்மார்க்கு ஜேர்மானியப் படையின் பிடியில் இருந்தது. அந்நியப் படை தெருவில் நின்ற காலத்திலும் ஒரு குடியிருப்பு மக்கள் தம் பிள்ளைகளின் விளையாட்டை நினைத்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

போர் முடிந்தபின், 1946 இல், ஆங்கில நாட்டைச் சேர்ந்த அலன் சீமாட்டியார் எம்ட்றுப்பைக் கண்டு வியந்து தம் நாட்டுப் பத்திரிகையில் எழுதினார். குண்டுவீச்சால் வீடழிந்து கிடந்த இலண்டன் மாநகரத்தின் வெற்றுநிலங்களில், 1948 முதலாக, அவ்வகை விளையாட்டிடங்கள் தோன்றலாயின.

ஒரு சதுக்கம், ஒரு கடிதம்

இனி அம்ஸ்ரர்டாம் நகரத்துக்கு வருவோம். போருக்கு முன் அங்கே விளையாட்டிடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை சங்கங்களுக்கு உரியன. வேலியிட்டு, சந்தா செலுத்திய உறுப்பினரின் பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டனர். ஏனைய பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றனர்.

போர் அந்நகரத்தைப் பெரிதும் வாட்டிச் சென்றது. ஒல்லாந்து நாட்டு யூதர்களுள் ஏறத்தாழ 102,000 பேர் நாஜிகளாற் கொல்லப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த வீடுகள் வெறுமையாயின. 1944-45 ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில், எரிக்க விறகின்றி வாடிய நகரமக்கள் அவ்வீடுகளின் மரங்களைப் பிடுங்கியெடுத்தனர். வீடுகள் இடிந்து விழுந்தன. போர் முடிந்ததும் பிள்ளைப்பேறு பெருகிற்று, வீடுகளோ போதவில்லை. சிறுவர் நெருக்கமான வீடுகளிலும் இடிபாடுகளிலும் வளர்ந்தனர்.

அக்காலத்தில் நகரத் திட்டமிடற் பகுதியிலே யாக்கோபா முல்டர் என்னும் அம்மையார் பணிபுரிந்தார். அவர் தம் வீட்டெதிரே ஒரு சிறுமி தெருமரத்தின் அடியிலுள்ள சிறிது மண்ணைத் தகரப்பேணி கொண்டு தோண்டி விளையாடுவதைக் கண்டார் என்பர். அத்துணை பெரிய நகரத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைத்த மண் அவ்வளவுதான்! அக்காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. தம் பகுதியிற் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அல்டோ வான் ஐக் என்னும் இளங்கட்டடக் கலைஞரிடம், அருகிலுள்ள பேர்ட்டல்மன் சதுக்கத்தில் ஒரு விளையாட்டிடம் அமைக்கும் பணியை ஒப்படைத்தார். வான் ஐக் 1918 இற் பிறந்தவர். அப்பொழுது முப்பது வயதும் நிரம்பாதவர்.

1947 இல் அவர் அமைத்தது மிக எளியது. அகன்ற சீமெந்து விளிம்பு கொண்ட மணற்குழி ஒன்று. அதனுள் வட்டக் கற்கள் சில. தொங்கிக் குத்துக்கரணம் அடிக்க இரும்புக் கம்பிகள். சுற்றிலும் மரங்களும் தாய்மார் அமர வாங்குகளும். வேலி இல்லை, வாயில் இல்லை, சந்தாவும் இல்லை. மணற்குழியின் விளிம்பு ஒரு பிள்ளைக்கு இருக்கை. இன்னொரு பிள்ளைக்குக் கடை. வேறொரு பிள்ளைக்கு ஓடும் பாதை. இன்னது செய் என்று கட்டளையிடாத பொருளையே பிள்ளை பலவாறு பயன்படுத்துகின்றது என்பதை வான் ஐக் உணர்ந்திருந்தார்.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கின்றது. அச்சதுக்கத்தைக் கண்ட அயற்பகுதியார், 'எங்கள் பகுதிக்கும் இது வேண்டும்' என்று நகரக் கந்தோருக்குக் கடிதம் எழுதினர். கடிதங்கள் தொடர்ந்து வந்தன. தம் தெருவில் வெறுமையாய்க் கிடக்கும் நிலம் எதுவென்பதை அத்தெருவில் வாழ்பவரன்றி வேறு யார் அறிவார்? கடிதத்தைக் கண்ட அதிகாரிகள் இடத்தைப் பார்வையிடுவர்; வான் ஐக் அதன் வடிவுக்கேற்ப வரைந்து கொடுப்பார். இரண்டு வீடுகளின் இடைவெளி, நடைபாதையின் அகன்ற மூலை, வீடிடிந்த வெறுநிலம் என எதனையும் அவர்கள் சிறிதென்று தள்ளவில்லை. உரிமையாளர் வீடு கட்டும் வரையில் மட்டும் கிடைத்த நிலத்தையும் ஏற்றுக்கொண்டனர்.

1978 வரையில் வான் ஐக் அமைத்த விளையாட்டிடங்கள் 700க்கு மேற்பட்டன. அவற்றுட் சில, கொல்லப்பட்டோரின் வீடுகள் நின்ற மண்ணிலேயே எழுந்தன. அழிவு விட்டுச்சென்ற வெற்றிடத்திற் குழந்தைகளின் குரல் கேட்டது.

பெரும் மைதானம் ஒன்றைக் கட்டித் திறப்புவிழா நடத்துவது எளிது. அதற்குச் சென்றுவரப் பெற்றோர் துணை வேண்டும்; தொலைவிலுள்ள பிள்ளைக்கு அது இல்லாததற்குச் சமம். அம்ஸ்ரர்டாம் மக்கள் மேற்கொண்ட வழி வேறு. சிறிய இடங்கள் பல, வீட்டு வாசலுக்கு அண்மையில், எவர்க்கும் திறந்தவை என்பதே அவ்வழி.

தெருவை மீட்ட போராட்டம்

ஆயினும் வரலாறு அங்கு முடியவில்லை. 1950களிலும் 1960களிலும் ஒல்லாந்திற் செல்வம் பெருகியது; மோட்டார் வண்டிகளும் பெருகின. மணற்குழி தெருமுனையில் இருந்தது. ஆனால் அங்குச் செல்லத் தெருவைக் கடக்க வேண்டும். 1971 ஆம் ஆண்டில் மட்டும் ஒல்லாந்து வீதிகளில் 3,000க்கு மேற்பட்டோர் விபத்தில் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்.

தம் மகளை அவ்வாறு இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972 இல் எழுதிய கட்டுரையால் ஓர் இயக்கம் பிறந்தது. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அதன் பெயர். பெற்றோர் வீதிகளிற் கூடினர், விபத்து நிகழ்ந்த இடங்களை மறித்தனர், அரசினரிடம் முறையிட்டனர். 'விபத்து' என்று விதியின்மேற் பழிபோட்டு அமைந்திருக்க அவர்கள் மறுத்தனர். வீதியை வண்டிக்கென அமைத்துவிட்டுப் பிள்ளையைக் குறைகூறுதல் நீதியன்று என்பது அவர்கள் வாதம்.

அதே 1972 இல், அம்ஸ்ரர்டாமின் நெருக்கடி மிக்க பழைய பகுதியாகிய டெ பெய்ப்பிலே சிறுவரே முன்வந்தனர். தங்கள் தெருவில் விளையாட இடமில்லை என்று முறையிட்டுக் கையொப்பம் திரட்டினர். தெருவின் குறுக்கே தடையிட்டு நடுவில் நின்று விளையாடினர். சினங்கொண்ட வண்டிக்காரர் தடைகளைத் தூக்கியெறிய முற்பட்டபொழுதும் அவர்கள் பின்வாங்கவில்லை. அந்நிகழ்ச்சிகள் படம் பிடிக்கப்பட்டுத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டன.

டெல்ப்ற் நகரத்தார் இதற்கு முன்னரே ஒரு வழி கண்டிருந்தனர். 1960களின் இறுதி தொட்டு, குடியிருப்புத் தெருக்களில் மரங்களையும் வாங்குகளையும் வைத்து, பாதையை வளைத்து, வண்டி விரைந்து செல்ல இயலாதவாறு அமைக்கலாயினர். இத்தகைய தெருவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'வோனேர்வ்'. அதன் பொருளை நம் தமிழிற் சொல்வதானால் 'வாழும் வளவு' எனலாம். 1976 இல் ஒல்லாந்துச் சட்டம் அதனை ஏற்றது. அத்தகைய தெருவிலே நடப்பவர் முழு அகலத்திலும் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம், வண்டியோ நடை வேகத்திலேதான் செல்லவேண்டும். தெருவுக்குள் வருகின்ற வண்டி, பிறர் வளவுக்குள் வருகின்ற விருந்தாளி போல அடங்கி வரவேண்டும் என்பதே அதன் கருத்து. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டு வீதிகளிற் சிறுவர் இறப்பு பெருமளவிற் குறைந்தது. இச்சட்டத்தோடு மிதிவண்டிப் பாதைகளும் வேகக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தே அப்பயனைத் தந்தன.

இன்னொன்றையும் மறையாது கூறவேண்டும். வான் ஐக்கின் 700க்கு மேற்பட்ட விளையாட்டிடங்களிற் பெரும்பாலானவை இன்று இல்லை. சில, வீடுகளுக்கு இடங்கொடுத்தன. சில, வண்டி நிறுத்துமிடங்களாயின. கேட்டுப் பெற்ற இடத்தையும் தொடர்ந்து காவாவிட்டால் அது கைநழுவிப்போம்.

உரிமையும் நம் நிலையும்

உலக நாடுகள் இவ்வுரிமையை ஏட்டிலும் எழுதிவைத்துள்ளன. ஐக்கிய நாடுகள் சபை 1959 இல் வெளியிட்ட சிறுவர் உரிமைப் பிரகடனத்தின் ஏழாவது தத்துவம் கல்வியோடு விளையாட்டையும் சேர்த்துக் கூறியது. 1989 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாக்கியது. இலங்கை அதனை 1991 இல் ஏற்று உறுதிசெய்தது. ஆகலின் நம் பிள்ளை விளையாட இடம் கேட்பது சலுகையன்று. நாடு ஒப்பமிட்டுக் கொடுத்த வாக்கு.

ஏட்டிலுள்ள உரிமை ஒழுங்கைக்கு வருவதற்கு யாராவது கடிதம் எழுதவேண்டும். அந்த யாராவது நம் சங்கமாக ஏன் இருத்தல் கூடாது?

முதியோர் இருவகை ஐயங்களை எழுப்பக்கூடும். விளையாட்டாற் படிப்புக் கெடும் என்பது ஒன்று. கிளித்தட்டு ஆடி வளர்ந்த தலைமுறையிலிருந்தே நம் ஊர்களின் ஆசிரியரும் மருத்துவரும் பொறியியலாளரும் தோன்றினர் என்பதை அவர்களே அறிவர். கிளித்தட்டிலே கோட்டுக்கு ஒருவராய் நின்று மறிப்பதும், தோழனுக்கு வழிதிறக்கக் காத்திருப்பதும், தோற்றபின் சிரித்துக்கொண்டு கோடு மாறுவதும் எந்த வகுப்பறையிலும் கற்பிக்க இயலாத பாடங்கள். மற்றையது பாதுகாப்பைப் பற்றியது. அதற்குரிய மருந்து பிள்ளையை அடைத்து வைப்பதன்று. கண்காணிக்கும் பெரியவர் அருகில் இருப்பதே. வான் ஐக் மணற்குழியைச் சுற்றி வாங்குகளை வைத்தது இதற்காகவும் அன்றோ!

நம் பழைய விளையாட்டிடங்களைப் புகழும்போது ஓர் உண்மையை மறைத்தல் தகாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா வீதிகளிலும் விளையாட முடிந்ததில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் நம்முடையது. வாசல் அடைக்கப்பட்ட ஊரில் வீதி மட்டும் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று எவ்வாறு கூறுவோம்? பெண்பிள்ளைகளும் ஒரு வயதுக்குப்பின் முற்றத்தோடு நிறுத்தப்பட்டனர். அம்ஸ்ரர்டாமின் பழைய சங்கங்கள் வேலியிட்டுச் சந்தாப் பெற்றதைக் குறைகூறும் நாம், நம் கண்ணுக்குத் தெரியாத வேலிகளையும் நோக்கவேண்டும். நாம் மீட்க விரும்பும் இடம் பழைய இடமாக மட்டும் இருந்தாற் போதாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருத்தல் வேண்டும்.

இளைஞர்கள் செய்யக்கூடியது யாது? முதலில், நால்வர் ஐவராகச் சேர்ந்து தம் வட்டாரத்தைக் கால்நடையாகச் சுற்றிவருக. வெறுமையாய்க் கிடக்கும் காணி, கோயில் வீதியின் பயன்படாத மூலை, வாசிகசாலையின் பின்புறம், பாடசாலை மைதானம் மாலையிற் பூட்டப்படும் நேரம் என்பவற்றைக் குறித்துக்கொள்க. குறிக்கும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. எங்கே விளையாட விரும்புகின்றனர் என்பதை அவர்களே காட்டுவர். பின்னர் உரிமையாளரிடமும் கோயிற் பரிபாலன சபையாரிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் விண்ணப்பிக்குக. வெளிநாட்டிலுள்ளோரின் காணி வெறுமையாய்க் கிடப்பின், அவர் வந்து வீடு கட்டும் வரையிலாவது கேட்டுப் பார்க்கலாம். மறுப்பு வந்தால் மீண்டும் எழுதுக.

இடம் கிடைத்தபின் வேண்டுவன சில. ஒரு வண்டி மணல். நிழலுக்கு ஒரு வேம்பு. உறுதியான கிளையில் ஒரு கயிற்றூஞ்சல். பெரியவர் இருக்க ஒரு வாங்கு. கண்ணாடித் துண்டும் முள்ளும் கிடவாமல் வாரந்தோறும் கூட்டுவதற்கு முறைவைத்து இருவர். போர் நடந்த பகுதியாயின், மிதிவெடி அகற்றப்பட்டது உறுதியான நிலமாக மட்டும் அது இருத்தல் வேண்டும். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரையில் அவ்வொழுங்கையில் வண்டிகள் மெல்லச் செல்லவேண்டுமென அயலவர் கூடி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை.

ஒல்லாந்து நாட்டின் இவ்வரலாறு, ஒரு சிறுமி தகரப்பேணியால் மரத்தடி மண்ணைத் தோண்டியதிலே தொடங்கிற்று. அவள் யாரிடமும் முறையிடவில்லை. எதிர்வீட்டில் இருந்தவர் கண்டார். கண்டதைக் கந்தோரிற் சொன்னார். நம் ஒழுங்கைகளிலும் மதிலோரத்து மண்ணைக் கிண்டுகின்ற பிள்ளைகள் இருக்கின்றனர். இவ்வாண்டு மலரை வாசித்து முடித்த மாலையிலே வாசலுக்கு வந்து அவர்களைக் காண்போமாக. அடுத்த மலர் வெளிவரும் முன் நம் வட்டாரத்திற் சிற்றில் கட்ட ஓரிடமேனும் பெற்றுக்கொடுப்போமாக.